நகக்குறி விழுந்த வடை

“மோந்து பார்க்காம, திருப்பிப் பார்க்காம, பிச்சுப் பார்க்காம ஒரு கடை வடை என் தொண்டையில இறங்கினது கிடையாது. இனிமே இறங்கப்போறதும் கிடையாது. வேணும்னா கல்லுல வெட்டி வச்சுக்கங்க.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில், கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் நின்று கன்னையா இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய தோழர் பழனியாண்டி, கச்சான் கடலை விற்கிற ஒரு கிழவர், யாராவது எதையாவது கீழே போடுவார்கள் என்று காத்திருந்த இரண்டு நாய்கள். கல்லில் வெட்ட யாரும் முன்வரவில்லை. ஆனால் பழனியாண்டி மனதில் வெட்டிக்கொண்டார். அது கல்லைவிட மோசம். கல் ஊர் ஊராகப் போய்ச் சொல்லாது.

அந்த வருஷம்தான் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி, தேயிலைத் தோட்டத்து ஜனங்களில் யார் அக்கரைக்குப் போவது, யார் இக்கரையில் நிற்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. கன்னையாவுக்கு அதைவிடப் பாரமான யோசனை ஒன்று இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கொடகவெலவுக்குப் போவதா, இரத்தினபுரிக்குப் போவதா?

கன்னையா ஊசிமலைத் தோட்டத்தில் ஸ்டோர் கணக்கப்பிள்ளை. தேயிலை அரைக்கிற தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வது. வேலை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது வாசலில் நின்று, யாராவது தேயிலைத் தூளைக் கடத்திக்கொண்டு போகிறார்களா என்று சோதிப்பது அவருடைய உத்தியோகம். தலைத்துணியை உதறச் சொல்வார். சோற்று டின்னைத் திறக்கச் சொல்வார். டின்னின் மூலையில் தூள் ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்க வலது கட்டைவிரலில் ஒரு நகத்தைப் பிரத்தியேகமாக வளர்த்து வைத்திருந்தார். அவர் பார்வையில் உலகத்தில் இரண்டு சாதி மனிதர்கள்தான் உண்டு: பிடிபட்ட திருடன், இன்னும் பிடிபடாத திருடன். துரைமார் மூன்றாவது சாதி. அவர்களைச் சோதிக்க உத்தரவு இல்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குக் கடவுள் சாப்பாட்டு ஆசையையும் கொடுத்தார். அதிலும் கடைச் சாப்பாட்டு ஆசை. இது கடவுள் செய்த வேடிக்கையா, கடைக்காரர்களுக்குக் கொடுத்த தண்டனையா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.

சம்பளம் போட்டபின் வரும் ஞாயிற்றுக்கிழமை, கன்னையா சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மாட்டுவார். எப்போதோ ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கோட்டு அது. தோள் அகலம் பத்தாமல் கை இரண்டும் கொஞ்சம் தூக்கியபடியே இருக்கும். அவர் நடந்து வந்தால் யாரையோ கட்டிப்பிடிக்க வருகிறாரா, கைது செய்ய வருகிறாரா என்று எதிரே வருகிறவர்களுக்குச் சந்தேகமாக இருக்கும்.

அவருடைய மனைவி சுப்பம்மாவுக்கு வேறு சந்தேகம்.

“சாப்பிட மட்டும் போறவருக்குக் கோட்டு எதுக்கு?” என்று கேட்பாள்.

“மரியாதைக்கு.”

“யாரு மரியாதைக்கு?”

“சாப்பாட்டு மரியாதைக்கு.”

அந்தியில் திரும்பி வந்ததும் சுப்பம்மா கோட்டை வாங்கிக் கொடியில் போடுகிற சாக்கில் காலரை ஒரு முறை, கையை ஒரு முறை மோந்து பார்ப்பாள். சாம்பார், பெருங்காயம், பஸ் புகை. வேறு வாசனை ஒன்றும் கிடையாது. அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. ‘இவ்வளவு தூரம் போயி வெறும் சாம்பார் வாசத்தோட வாறாருன்னா, என்னமோ இருக்கு’ என்று மறுநாள் கொழுந்து பறிக்கிற இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கன்னையா ஒரு கடையில் நுழைகிற முறையே தனி. முன் வாசலுக்கு முதலில் போகமாட்டார். பின்பக்கம் போய்க் காக்கை நிற்கிறதா என்று பார்ப்பார். காக்கை நின்றால், மிச்சம் நிறைய விழுகிறது, ஆகவே சாப்பாடு சரியில்லை. காக்கை நிற்காவிட்டால், காக்கையே வேண்டாம் என்று போய்விட்ட கடை. உள்ளே ஈ மொய்த்தால் அசுத்தம். ஈ மொய்க்காவிட்டால் மருந்து அடித்திருக்கிறான். கூட்டம் நிறைய இருந்தால் மலிவுச் சரக்கு. கூட்டமே இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். இத்தனை தடைகளையும் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து, இலை நிறையச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, “ஏதோ இருந்துச்சு” என்று எழுந்து வருவார். அந்த ‘ஏதோ’ என்ற ஒரு சொல்லுக்காக அவர் எத்தனையோ மைல் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறார்.

கொடகவெலவில் ஒரு சிங்களவரின் கடை. கோட்டைப் பார்த்ததும், சுகாதார இலாகாவிலிருந்து சோதிக்க வந்த பெரிய மனிதர் என்று முதலாளி நினைத்துவிட்டார். கேட்காமலே மீன் துண்டு கூடுதலாக வந்தது. பப்படம் இரண்டாக வந்தது. வேறு யாராவது என்றால் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார்கள். கன்னையா சாப்பிடவில்லை, யோசித்தார். கேட்காமல் கூடுதலாக ஏன் போடுகிறான்? எதை மறைக்கிறான்? மீன் துண்டைத் திருப்பினார், செவுள் இருந்த பக்கத்தைத் தேடினார், முள்ளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த முதலாளி மேசைக்கு வந்து பணிவாகக் கேட்டார்:

“மாத்தயா, கன்னத ஆவே, பலன்னத?”

சாப்பிட வந்தீர்களா, பார்க்க வந்தீர்களா என்று அர்த்தம்.

“தெகட்டம” என்றார் கன்னையா. இரண்டுக்கும்தான்.

அவர் எந்த இலாகாவும் இல்லை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கடையில் கன்னையாவைக் கண்டால் “சோறு முடிஞ்சு” என்பார்கள். அண்டாவிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும்போதே சொல்வார்கள்.

இரத்தினபுரியில் ஸஹாப்தீன் நானா கடை. அந்தக் கடைப் புரியாணிக்கு மாணிக்க வியாபாரிகள் வரிசையில் நிற்பார்கள். கன்னையாவும் நின்றார். முதல் பிடி வாயில் போனதும் கண்கள் தானாக மூடிக்கொண்டன. மூடிய கண்ணுக்குள்ளேயே சந்தேகம் எழுந்தது: இவ்வளவு ருசியாக இருக்கிறதே, இது ஆடுதானா? அடுத்த மாதம் போனபோது, ஆட்டின் வாலைக் காட்டச் சொல்லிக் கேட்டார். நானா பெரிய மனசுக்காரர். உள்ளே போய் வாலைக் கொண்டுவந்து காட்டினார். கன்னையா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இன்னைக்கு அறுத்ததுதானா?” என்றார்.

“வாலக் கேட்டீங்க, காட்டினேன்” என்றார் நானா. “அது கத்தினதயும் கேக்கணுமென்டா நீங்க விடிய சுபஹு தொழுகைக்கே வந்தீக்கணும். இனி ஒங்களுக்கு நம்மட கடை சரிவராது தொர. நீங்க ஒரு ஆட்ட வாங்கி வளத்துப் பாருங்கொ.”

இப்படியே பெல்மதுளையில் ஒன்று, பலாங்கொடையில் இரண்டு, ஒரு முறை கேகாலை வரை போய் அங்கே ஒன்று என்று, கன்னையா போன இடமெல்லாம் கதவு சாத்திக்கொண்டே வந்தது. அவர் அதற்காக வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “பயந்துட்டானுக” என்றார். ஆனால் எழுபதாம் ஆண்டு வாக்கில், சாம்பல் நிறக் கோட்டோடு உட்கார்ந்து தைரியமாக ஒரு தேத்தண்ணி கேட்கக்கூடிய கடை, அந்த ஜில்லா முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பரிமளம் கடை.

பெயர்ப்பலகையில் அவளுடைய கணவன் ராஜதுரையின் பெயர்தான் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருப்பதும் அவர்தான். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். அடுப்பு, கணக்கு, சண்டை, சமாதானம் எல்லாம் பரிமளம். அவள் சுடுகிற பருப்பு வடையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு போலவும் இருக்கும் என்று எல்லாரும் சொல்வதைத்தான் சொல்லவேண்டியிருக்கும். கன்னையா அப்படிச் சொன்னதில்லை. “ஏதோ இருக்கு” என்றுதான் சொன்னார். ஆனால் அவர் ‘ஏதோ’வைச் சொல்லும்போது உதட்டில் ஒட்டியிருந்த வெங்காயத் துண்டை நாக்கால் தேடிப் பிடித்ததைப் பழனியாண்டி பார்த்திருக்கிறார்.

நம் ஊர்க் கடைகளின் வழக்கம் தெரிந்ததுதான். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வந்து மேசையில் நிற்கும். வடை, ரொட்டி, பணிஸ், வாழைப்பழம் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். தின்றதற்கு மட்டும் காசு. தின்னாதது தட்டோடு எழுந்து அடுத்த மேசைக்குப் போகும். கோடிக்கணக்கான ஜனங்கள் இதை ஒரு வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கன்னையா ஒருவர்தான் இதற்குப் பின்னால் இருந்த சதியைக் கண்டுபிடித்தார்.

“யோசிச்சுப் பாரு பழனி” என்றார். “காலையில சுட்ட வடை. துரை பங்களாவுக்கு மனுக் கொண்டுபோனவன் மாதிரி, ஒவ்வொரு மேசையாப் போயி, ஒவ்வொருத்தனும் பார்த்துட்டுத் திருப்பி அனுப்புறான். அந்தி ஆகுது. யாரும் திங்கல. அந்த வடை அப்புறம் எங்க போகுது?”

“எங்கண்ணே போகுது?”

“மறுநாள் தட்டுக்கு வருது.”

பழனியாண்டி கையிலிருந்த வடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நிரூபிக்க வழி இருக்கு” என்றார் கன்னையா. வலது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். திருடர்களின் டின்னைச் சுரண்டிய அதே நகம். தட்டிலிருந்த ஒரு வடையின் ஓரத்தில், பிறை நிலா மாதிரி ஒரு குறி அழுத்தினார். அதைத் திருப்பித் தட்டிலேயே வைத்தார். “அடுத்த தடவை வாறப்ப இந்தக் குறி தட்டுல இருந்துச்சுன்னா, ஆளு மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். இது நமக்குள்ள இருக்கணும். வாயத் தொறக்காத.”

பழனியாண்டி முருகன் மேல் ஆணையிட்டார். ஆணையிட்ட சூட்டோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொன்னார், அவளிடமும் ஆணை வாங்கிக்கொண்டு. அவள் தங்கச்சியிடம் மட்டும் சொன்னாள். முருகன் மேல் அந்த மாதம் ஊசிமலையில் விழுந்த ஆணைகளைத் தாங்க அவருக்கு இன்னும் ஆறு தோள் வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த சம்பள ஞாயிறு. கடையில் உட்கார இடமில்லை. ஊசிமலை ஆட்கள், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், சந்தைக்கு வந்தவர்கள். கன்னையா கோட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். தட்டு வந்தது. மேலே இருந்த வடையை எடுத்தார். மோந்தார். திருப்பினார்.

ஓரத்தில் பிறை நிலா.

அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் வந்த ஆனந்தத்தை அதற்கு முன்போ பின்போ யாரும் பார்த்ததில்லை, ஸ்டோர் வாசலில் திருடன் பிடிபட்ட நாட்களில்கூட. வடை சூடாக இருந்தது. அது அவருடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பழைய வடையைத் திரும்ப எண்ணெயில் போட்டிருக்கிறாள். எழுந்து நின்றார். வடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க” என்றார். “இது போன மாசத்து வடை. இதுல என் நகம் இருக்கு.”

ராஜதுரைகூட விழித்துக்கொண்டார். உள்ளேயிருந்து பரிமளம் கரண்டியோடு வந்தாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. வடையை வாங்கிப் பார்த்தாள்.

“எந்த விரலுங்க கணக்கப்புள்ள ஐயா?”

அவர் கட்டைவிரலைக் காட்டினார்.

“குறி மேல வச்சுக் காட்டுங்க.”

வைத்தார். குறி சிறியது, நகம் பெரியது. ஏதோ ஒரு பெண்பிள்ளையின் சுண்டுவிரல் நகத்துக்குத்தான் அது சரியாகப் பொருந்தும்.

பரிமளம் அடுத்த மேசைத் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்தாள். அதிலும் குறி. அதற்கடுத்த மேசையிலும் குறி. ஒன்றில் பிறை, ஒன்றில் பெருக்கல், ஒன்றில் யாரோ தன் பெயரின் முதல் எழுத்தையே எழுத முயன்று பாதியில் விட்டிருந்தார்கள். காலையில் சுட்ட ஒவ்வொரு வடையிலும், முதல் பஸ்ஸில் வந்தவர்களே அடுத்த மாதத்துக்கான சாட்சியைப் பதித்துவிட்டுத் தட்டை அடுத்த மேசைக்கு அனுப்பியிருந்தார்கள். ஊசிமலைத் தோட்டம் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டிருந்தது. எல்லாருடைய கைகளும் மேசைக்கு அடியில் இருந்தன. பழனியாண்டி மாத்திரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு சொல்லிக் குடுத்த பாடம் இது?” என்று பரிமளம் கேட்டாள். எல்லாரும் கோட்டைப் பார்த்தார்கள்.

“மிஞ்சின வடையை நான் அந்தியில கோயில் வாசல்ல குடுத்துர்றேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள் பரிமளம். “கணக்கப்புள்ள ஐயா, நீங்க வாங்க, உட்காருங்க. தேத்தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க. உங்களுக்கு இனி இந்தக் கடையில தட்டு வராது.”

வரவில்லை. நான்கு வருஷம் வரவில்லை.

அந்த நான்கு வருஷமும் கன்னையா தவறாமல் போனார். வேறு எங்கே போவது? கோட்டை மாட்டிக்கொண்டு, மூலை மேசையில், ஒரு வெறும் தேத்தண்ணிக் கிளாஸோடு உட்கார்ந்திருப்பார். தட்டுகள் அவரைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூக்கு மட்டும் தட்டு போகும் திசையில் லேசாகத் திரும்பும். ஒரு முறை பழனியாண்டியை விட்டு இரண்டு வடை கட்டி வாங்கிவரச் சொல்லி, ஸ்டோருக்குப் பின்னால் வைத்துத் தின்று பார்த்தார். பேப்பரில் சுற்றி ஆறிப்போன வடை. மேசை இல்லை, கிளாஸ் சத்தம் இல்லை, ராஜதுரையின் குறட்டை இல்லை. தொண்டையில் இறங்கத்தான் இறங்கியது.

“வீட்டுலதான் சுடுறேனே, அதத் தின்னா என்ன?” என்றாள் சுப்பம்மா.

“அது வேற” என்றார்.

“அதை மட்டும் மோந்து பார்க்கிறதில்லையே, ஏன்?”

“அது கடையில்லையே.”

“மோந்து பார்த்தா கரண்டி வருமுன்னு தெரியும்” என்றுவிட்டுப் போனாள்.

அந்த நான்கு வருஷம் முடியுமுன்பே பஞ்சம் வந்தது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எவருக்கும் முடியாது. பருப்பு வருவது நின்றது. மாவுக்கு வரிசை, பாண் ரொட்டிக்கு வரிசை. செத்தல் மிளகாய் கண்ணில் படவில்லை. கடைகளில் சில நாட்களில் சோறு போடவே கூடாது என்று சட்டம். தோட்டத்து லய வீடுகளில் மரவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் வெந்தன, அவையும் எல்லா நாளும் வேகவில்லை. கன்னையாவின் கோட்டு முதல் முறையாக அவருக்குத் தோளில் சரியாகப் பொருந்தியது.

பரிமளம் அடுப்பை அணைக்கவில்லை. பருப்பில்லாமல் எதையோ அரைத்து, எதையோ பிசைந்து, வடை என்று சுட்டாள். உருவம் வடைதான். நிறம் கொஞ்சம் கறுப்பு. என்ன போட்டாள் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால், அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்ததாகப் போலீஸ் யூனிஃபார்ம் வரும். பலாக்கொட்டை என்றார்கள் சிலர். தவிடு என்றார்கள். மாட்டுத் தீவனம் என்று ஒருவர், தேயிலைக் குப்பை என்று இன்னொருவர். ஊசிமலை ஆட்கள் தட்டு வந்ததும் வடையை எடுத்தார்கள், மோந்தார்கள், திருப்பினார்கள், ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தார்கள், தட்டிலேயே வைத்துவிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பசியோடுதான் போனார்கள். ஆனால் ஏமாறாமல் போனார்கள். கன்னையாவிடம் பாடம் படித்தவர்கள் அல்லவா.

எழுபத்து நான்காம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த சுப்பம்மா கூடையை இறக்கி வைத்தபடியே சொன்னாள்: “பரிமளம் கடைய மூடப்போறாளாம்.”

கன்னையா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. “யாரு சொன்னா?”

“அவளே சொன்னா. நாளைக்கு சம்பள ஞாயிறுதானே, நாளைக்கும் தட்டு அப்படியே திரும்பி வந்துச்சுன்னா, சட்டி பானையைக் கட்டிக்கிட்டுக் கொழும்புக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவாளாம்.”

“ஏன், ஆளுக திங்கலையா?”

“திங்கிறதா? எல்லாரும் கோட்டுப் போடாத கணக்கப்புள்ளையா ஆகிட்டாங்க.”

கன்னையா மனதுக்குள் கணக்குப் போட்டார். கொடகவெல மூடியாயிற்று. இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, கேகாலை மூடியாயிற்று. கஹவத்தையும் மூடினால், இனி ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு எங்கே போய் உட்காருவது? உயிர் இருக்கிற வரைக்கும் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பதா? சுப்பம்மா எதிரே நின்றதால் இந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பரிமளம் கடையில் கூட்டம் இருந்தது. பாதிப்பேர் மூடுகிற கடையைப் பார்க்க வந்தவர்கள். மேசைக்கு மேசை தட்டு இருந்தது. தட்டுக்குத் தட்டு வடை இருந்தது, கறுத்துப்போய், அடுக்கு குலையாமல். கன்னையா மூலை மேசைக்குப் போய் வழக்கம்போல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து உட்கார்ந்தார். ராஜதுரை அன்று தூங்கவில்லை. தூங்காத ராஜதுரையைப் பார்க்கவே எல்லாருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது.

பரிமளம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கிளாஸை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டையும் வைத்தாள்.

கடையில் எல்லாத் தலைகளும் திரும்பின.

“நாலு வருஷமாத் தட்டு வைக்கலைன்னு உங்களுக்கு என் மேல வருத்தம் இருக்கும்” என்றாள் பரிமளம். “இன்னைக்கு வச்சிருக்கேன். நல்லா மோந்து பாருங்க. திருப்பிப் பாருங்க. பிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் முன்னால பார்த்து, இது திங்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“சொல்லுங்கண்ணே” என்றார் பழனியாண்டி, நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கூரையிலிருந்து கண்ணை இறக்கி. “என்னத்துல சுட்டிருக்குன்னு நீங்க ஒரு வாய் வச்சா சொல்லிருவீங்களே.”

கன்னையா தட்டைப் பார்த்தார். நிறம் சந்தேகமாக இருந்தது. ஓரம் சந்தேகமாக இருந்தது. வடை அவரைப் பார்த்த விதமே சந்தேகமாக இருந்தது. மூக்கு தானாக முன்னால் போயிற்று. பிறந்த நாள் முதல் அது அவருக்கு முன்னால் போய்த்தான் பழக்கம்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. இப்போது அவர் மோந்து பார்த்து, திருப்பிப் பார்த்து, நல்ல வடை என்று சான்று கொடுத்தாலும், அதோடு தீராது. அடுத்த ஞாயிறும் எல்லாரும் மோந்து பார்ப்பார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அவர் வந்து மோந்து காட்டும்வரை ஒருவனும் கை வைக்கமாட்டான். மோந்து மோந்தே கடை செத்துவிடும். கடை செத்தால் மூலை மேசை செத்தது. இதை யாரும் தியாகம் என்று நினைத்துவிடக் கூடாது. கன்னையா முழுக்க முழுக்கத் தன் மேசையை நினைத்துத்தான் இதைச் செய்தார்.

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார். மூக்குக்கு வேலை கொடுக்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

“தங்கச்சி” என்றார், மூச்சுவிடாத குரலில், கண்ணை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டே. “பெல்மதுளை பஸ் போயிருச்சா?”

“இன்னும் இல்லைங்க” என்றாள் பரிமளம்.

“நேரத்துக்கு வாறதே இல்ல” என்றார். சொல்லிக்கொண்டே கை தட்டுக்குப் போய், மேலே இருந்ததை எடுத்து, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றுகூடப் பாராமல், முழுசாக வாயில் போட்டது. மென்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மென்று, விழுங்கினார். அதற்குப் பிறகுதான் மூச்சுவிட்டார்.

“என்னத்துல சுட்டதுண்ணே?” என்றார் பழனியாண்டி, குரலைத் தாழ்த்தி.

கன்னையா காதில் விழாதவர்போல் தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வடையை எடுத்து, அதையும் பாராமல் கடித்துவிட்டு, தட்டைப் பழனியாண்டியின் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

அடுத்த மேசையில் ஒரு கை தட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்த மேசையில் இன்னொன்று.